கூடம் கோணலாகவும் இருக்கலாம்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

நான் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியது எல்லோருக்கும் தெரியும். 80களில் சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். திருவிழா மேடைக்குக் கீழே நின்று "டேய், நம்ம சார்டா!" என்று கத்தியவர்கள் இரண்டு பேர் இப்போது தாத்தாக்கள். அந்தப் பழக்கத்தில்தான் வருடத்துக்கு நாலைந்து பேராவது எனக்குப் போன் செய்கிறீர்கள். "சார், பையன் எலக்ட்ரிக் கிட்டார் கேக்குறான், எது வாங்கலாம்?" "மாமா, பிக்கப் மாத்தணுங்கிறான், அது என்ன?" "பெடல்னா சைக்கிள் பெடலா சார்?" தனித்தனியாகப் பதில் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைசியில் எனக்கே ஒரு பழைய கடன் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

முதலில் என் கருத்து. புதுக் கிட்டார், புதுப் பிக்கப், புதுப் பெடல் என்று பணத்தை இறக்குவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் கிட்டாரை முறையாகச் சரிசெய்யுங்கள். இதைக் கிட்டார்க்காரர்கள் 'செட்டப்' என்பார்கள். அது செய்யாத கிட்டாரைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, "உனக்கு வரல" என்று சொல்லாதீர்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். "சார், பொண்ணு ஆசைப்பட்டான்னு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் குடுத்தேன். மூணு மாசம் கிளாஸ் போனா. இப்ப மூலையில வச்சுட்டா. கேட்டா விரல் வலிக்குதுங்கிறா. கிளாஸ்ல கை சின்னது, வேற ஏதாவது கத்துக்கட்டும்னு சொல்லிட்டாங்களாம். இப்ப பெடல் வாங்கிக் குடுத்தா வாசிப்பேங்கிறா. வாங்கலாமா?" என்றான்.

"நான் வர்றேன், அதுவரைக்கும் ஒண்ணும் வாங்காதே" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் ஒரு இரும்பு ஸ்கேலோடு பஸ் ஏறினேன்.

அந்தக் கிட்டாரில் 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தேன். மூன்றரை மில்லிமீட்டர். அங்கே 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மெல்லிய கம்பிக்கு ஒன்றரையைச் சற்றுத் தாண்டினால் போதும். அதோடு நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டை, அதன் பள்ளங்கள் ஆழமாக அறுக்கப்படவே இல்லை. முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்தச் சொன்னால், எனக்கே கட்டை விரல் அடி விட்டுப்போனது. பதினோரு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆனது. பழைய கம்பிகளைக் கழற்றி 9ஆம் நம்பர் செட் போட்டேன். கழுத்தையும் உயரத்தையும் சரிசெய்தேன். நட்டின் பள்ளத்தை மட்டும், இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் அனுப்பி அறுத்து வாங்கினோம். மறு வாரம் அந்தப் பிள்ளை போனில் வாசித்துக் காட்டியது. பெடல் பேச்சே எடுக்கவில்லை.

இனி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். பின்னால் வரும் வேலையை முன்னால் செய்தால், மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

முதலில் கம்பி. துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு எதையும் அளக்காதீர்கள். புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்துவிட்டு ஆரம்பியுங்கள். 9ஆம் நம்பர் என்றால் மிக மெல்லிய கம்பியின் தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. 10ஆம் நம்பர் கொஞ்சம் தடிமன், கொஞ்சம் இறுக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு 9 போதும். நம்பர் மாற்றினால் இழுவிசை மாறும், அதனால் கழுத்தின் வளைவும் மாறும். மறுபடியும் எல்லாம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கழுத்து. அதற்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. பெயர் ட்ரஸ் ராட். ஆறு கம்பிகளும் ஒரு பக்கம் இழுக்க, இது எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடிக்கிறது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் ராடைக் கடிகார முள் சுற்றும் திசையில் கால் சுற்று முடுக்க வேண்டும். சந்தே இல்லையென்றால் கால் சுற்று தளர்த்த வேண்டும். ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். இதை உடைத்துவிட்டால் கழுத்தே போய்விடும்.

மூன்றாவது உயரம். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன சாடில் இருக்கும். அதிலுள்ள திருகுகளை இறக்கினால் கம்பி இறங்கும். ரொம்பவும் இறக்கினால் கம்பி ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்' என்று கரகரக்கும். கரகரப்பு நிற்கும் இடம் வரை மெதுவாக ஏற்றுங்கள்.

நான்காவது, பலரும் விட்டுவிடும் ஒன்று. 12ஆவது ஃப்ரெட் என்பது கம்பியின் நடுப்பாதி. அங்கே அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மணிச் சத்தம் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். போனில் இலவச ட்யூனர் இருக்கிறது, அதில் பாருங்கள். அழுத்தும்போது சுரம் ஏறினால் சாடிலைக் கழுத்திலிருந்து தள்ளிப் பின்னால் நகர்த்துங்கள். இறங்கினால் கழுத்தை நோக்கி முன்னால் கொண்டுவாருங்கள். இது சரியில்லாத கிட்டாரில் முதல் மூன்று ஃப்ரெட்டில் பாட்டு இனிக்கும், மேலே போகப் போகப் புளிக்கும்.

இப்போது பிக்கப்புக்கு வருவோம். சைக்கிள் டைனமோ உங்களுக்குத் தெரியும். காந்தம் சுற்றுகிறது, பக்கத்திலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விஷயம்தான் பிக்கப்பிலும். இங்கே காந்தமும் சுருளும் சும்மா இருக்கின்றன. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிர்கிறது. அந்த அதிர்வு தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருளில் சின்ன மின்சாரத்தை உண்டாக்குகிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. நைலான் கம்பி மாட்டினால் இந்தப் பிக்கப் ஒன்றுமே பேசாது.

கடையில் இரண்டு சொல் கேட்பீர்கள். சிங்கிள் காயில், ஹம்பக்கர். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று சிங்கிள் காயில். சத்தம் தெளிவாக, கணீரென்று இருக்கும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955இல் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடித்துக்கொள்ள வைத்தார். இரைச்சலை ஹம் என்பார்கள். அதை மடக்குவதால் ஹம்பக்கர். சத்தம் தடித்து, கனமாக இருக்கும். எது உசத்தி என்று கேட்காதீர்கள். பிள்ளைக்குப் பிடித்த பாட்டை வாசித்தவர் எதை வைத்திருந்தார் என்று பாருங்கள், போதும்.

பிக்கப்பை மாற்றும் முன் அதன் உயரத்தைப் பாருங்கள். இரு ஓரத்திலும் ஒவ்வொரு திருகு இருக்கும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கட்டும். என் மாணவன் வீட்டுக் கிட்டாரில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. அவ்வளவு கிட்டே வந்தால் காந்தம் கம்பியையே பிடித்து இழுக்கும். சுரம் அலையும், சுருதி சேர்ந்தாலும் சேராதது போல் கேட்கும். "சவுண்டு சரியில்ல, பிக்கப் மாத்தணும்" என்று அந்தப் பிள்ளை யூடியூப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஸ்க்ரூட்ரைவர் வேலை, பைசா செலவில்லை.

இன்னொரு எச்சரிக்கை, இது உயிர் விஷயம். கிட்டார் கம்பியைத் தொடும்போது கொஞ்சம் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு, பயமில்லை. ஆனால் சுள்ளென்று ஷாக் அடித்தால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் ஒரு பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறவர்களை மேடைக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பெடலைப் பற்றி. நான் பெடலுக்கு விரோதி இல்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'சாடிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் ஒரு ஃபஸ் பெடலைப் போட்டுத்தான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் பெடல், கிட்டார் கொடுப்பதைத்தான் மாற்றித் தரும். சுருதி விலகிய சத்தத்தை டிஸ்டார்ஷனில் போட்டால் பிசகு இன்னும் பெரிதாகத்தான் கேட்கும். சமையலில் உப்புக் கரித்தால் மேலே மிளகாய்த் தூள் போடுவோமா?

வாங்குவதென்றால் முதலில் ட்யூனர், அடுத்து ஒரு ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன், பிறகு ஆசைப்பட்டால் ஒரு டிலே. இணைக்கும் வரிசையும் பொதுவாக அதுதான். ஒவ்வொன்றோடும் ஆறு மாதம் வாழ்ந்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், அதுவும் பின்னின் நடுவில் மைனஸ் இருக்கும் அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் ரௌட்டர் அடாப்டர் பெரும்பாலும் நடுவில் பிளஸ், பல சமயம் 12 வோல்ட் வேறு. பிளக் பொருந்துகிறதே என்று சொருகினால் பெடல் செத்துவிடலாம். ஆம்ப்பும் வீட்டுக்கு ஐந்து, பத்து வாட்ஸ் தாராளம். அக்கம்பக்கத்தாரும் வாழ வேண்டும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடைக்கு ஒரு ஸ்கேலும் டேப்பும் கொண்டு போங்கள். வெட்கப்படாதீர்கள். கழுத்தை ஒரு கண்ணை மூடித் துப்பாக்கி குறி பார்ப்பது போல் பாருங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். ஃப்ரெட்டின் ஓரம் கையைக் கீறினால் வேண்டாம். நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் அது சுமார் 32.4 சென்டிமீட்டர். அங்கிருந்து சாடில் வரை அதே அளவோ, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடவோ இருக்க வேண்டும். குறையக் கூடாது. கையில் இருக்கும் பணம் மொத்தத்தையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாமல், செட்டப்புக்கும் இரண்டு செட் கம்பிக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

"சார், இவ்வளவும் சாக்கு. திறமை இருக்கிறவன் எதை வச்சும் வாசிப்பான்" என்று சிலர் சொல்வீர்கள். திறமை உள்ளவர்கள்தான் கருவியை முதலில் சரிபண்ணிக்கொண்டார்கள். மாண்டலின் என்றால் ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி. யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்கு ஐந்து ஒற்றைக் கம்பி உள்ள எலக்ட்ரிக் மாண்டலினை அல்லவா எடுத்துக்கொண்டார்? இங்கிலாந்தில் பிரையன் மே பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, 1963இல், தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். பின்னால் குயின் குழுவில் உலகம் முழுக்க வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான். அந்த அப்பா "உனக்கு வரல" என்று சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்து மரம் இழைத்தார்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். வகுப்பில் நான் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பேனா எழுதவில்லை என்றவனிடம் சொல்லியிருக்கிறேன். போர்டு தெரியவில்லை என்றவளிடமும் சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பழமொழியை நான் மிகக் கொடுமையாகச் சொன்னது என் தம்பியிடம்.

1983. குழுவுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினோம், உள்ளூரில் யாரோ செய்தது. நான் பழைய கிட்டாரிலேயே இருந்துகொண்டு, புதிதை என் தம்பிக்குக் கொடுத்தேன். அவனுக்கு அப்போது பதினேழு வயது. ராத்திரி பகல் பார்க்காமல் பழகினான். ஆனால் ஒத்திகையில் எப்போதும் சுருதிக் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பான். "மேல போனா சேர மாட்டேங்குதுண்ணே" என்பான். கீழே சேர்த்தால் மேலே விலகும், மேலே சேர்த்தால் கீழே விலகும். குழுத் தலைவர் ஒருநாள் எல்லோருக்கும் முன்னால், "சார், உங்க தம்பிக்குக் காது சரியில்ல" என்றார். நான் அண்ணன். அளந்து பார்த்திருக்கலாம், பேசாமலாவது இருந்திருக்கலாம். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு எந்த வாத்தியத்தையும் தொடவில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கிட்டார் கிடைத்தது. பேத்திக்குச் சரிசெய்து கொடுக்கலாமே என்று டேப் எடுத்தேன். நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை 32.4 சென்டிமீட்டர். அங்கிருந்து பிரிட்ஜ் வரை 31.8. மறுபடி அளந்தேன், அதே 31.8. செய்தவர் பிரிட்ஜை ஆறு மில்லிமீட்டர் முன்னால் வைத்துத் திருகிவிட்டார். தனித்தனி சாடிலும் இல்லை, நகர்த்த வழியில்லை. அந்தக் கிட்டாரை உலகத்தில் யார் வாசித்தாலும் மேலே சேராது. எங்கள் குழுவில் அது விலகுகிறது என்று கேட்டுச் சொன்னவன் ஒருவன்தான். அவன் காதைத்தான் நாங்கள் பழுது என்றோம்.

என் தம்பி முப்பது வருடத்துக்கு மேலாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். அரை நூல் பிசகினால் கண்ணால் பார்த்தே சொல்வான் என்று பெயர். அன்று ராத்திரியே அவனுக்குப் போன் செய்து அளவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆறு மில்லியா? ரெண்டு நூல்ல இருக்குண்ணே" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

போனில் சொன்னது போதாது என்று எனக்குப் பல நாளாக உறுத்தல். பத்துப் பேர் நடுவில் சொன்ன சொல்லை நாலு சுவருக்குள் திரும்ப வாங்க முடியாது. அதனால் இங்கே, சொந்தபந்தமும் என்னிடம் படித்தவர்களும் பார்க்கச் சொல்கிறேன். தம்பி, உன் காது சரியாகத்தான் இருந்தது. தப்பு என் மேல்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை "வலிக்குது", "சேரல", "சவுண்டு சரியில்ல" என்று சொன்னால், பதில் சொல்வதற்கு முன் ஸ்கேலை எடுங்கள். அளந்த பிறகு கூடம் நேராகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால், அப்போது இன்னும் கொஞ்சம் பழகச் சொல்லலாம்.

ஸ்கேல் பிடிக்கத் தெரியாதவர்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் நான் திண்ணையில்தான் இருப்பேன். கம்பி மட்டும் வாங்கி வாருங்கள், காபி நான் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்